தொட்டி நிறையும் வரை

ஜனவரி 9

அன்புள்ள குழாய்க்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம்தான். படியேறும்போது மட்டும் முழங்கால் என்னைத் திட்டுகிறது. நீ, மாப்பிள்ளை, என் மருமகள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? மருமகளின் இருமல் போய்விட்டதா?

"இந்தக் காலத்துல யாருண்ணா லெட்டர் எழுதுறாங்க?" என்று நீ சிரிப்பது தெரிகிறது. என்ன செய்ய, போனில் உன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி வருகிறது. போனை மாற்றினேன், சிம்மை மாற்றினேன், மொட்டை மாடியில் போய் நின்றும் பார்த்துவிட்டேன். லைன் அவ்வளவு மோசம். அதனால் கடிதம்தான்.

போன மாதத்தோடு பாட்டில் ஃபேக்டரி வேலை முடிந்தது. மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பெல்ட்டில் ஓடும் சத்தத்திலேயே வாழ்ந்துவிட்டு வந்தவனுக்கு, வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நம் பழைய பாண்ட் "வாயு மண்டலம்" வாசித்தது இசைத்தட்டாக வரப்போகிறது! கறுப்பாக, பெரிதாக, ஊசி வைத்துக் கேட்கிற நிஜத் தட்டு. நம் டிரம்ஸ்காரன் பல் டாக்டர் ஆனானே, அவன் தன் கிளினிக்கில் நம் பழைய கேசட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறானாம். ரெக்கார்ட் கம்பெனி நடத்துகிற ஒரு பெண் பல் பிடுங்க வந்தாள். வாயைத் திறந்தபடி முழுப் பக்கமும் கேட்டிருக்கிறாள், பாவம், வேறு வழி? பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே, "இது யார் பாட்டு?" என்று கேட்டாளாம்.

என் வீட்டுக்கும் வந்தாள். நல்ல பெண், ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். ஒரு பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும், விண்கலத்துக்குள் போய்வந்த மாதிரி இருக்கும் இந்த மாதிரி இசையைத் தேடிப் பிடித்துக் கேட்க ஒரு கூட்டமே இருக்கிறதாம். அன்றைக்கு நாம் கட்டடத்துக்கு அடியில் வாசித்தபோது, கார் நிறுத்துகிற சரிவில் இறங்கி வந்து கேட்டவர்களே ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதிலும் பாதிப் பேர் வண்டி எடுக்க வந்தவர்கள்.

மூல நாடாக்கள் என்னிடம்தான் இருக்கின்றன. நானே சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று ஒலிப்பதிவு செய்தவன் நான், வேறு யார் கை வைப்பது? முதல் பாட்டை சிடியில் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது.

அட்டையில் எல்லார் பெயரும் வரும். உன் பெயருக்குப் பக்கத்தில் "குழாய்" என்று போடப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்

•

ஜனவரி 28

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதமும் சிடியும் பத்திரமாக வந்தன. இங்கே எல்லாரும் நலம், இருமலும் போய்விட்டது. முழங்காலைக் காட்டு, சும்மா தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதே.

தட்டா! ஆஸ்பத்திரியில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல், காது பார்த்துக்கொள்ள வந்திருந்த ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டேன். "ரொம்ப சந்தோஷம், யாருக்குக் கல்யாணம்?" என்றார். பிறகு அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக அனுப்பினேன். பாதி தாண்டியபோது, "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தினமும் இப்படித்தான் ஒருவர்.

நான் இந்த வேலைக்கு வந்ததே உன்னால்தான். பழைய சாமான் கடையில் ஒரு காது டெஸ்ட் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, நம் கீச்சான்! அதைப் பிரித்து, பூட்டி, அதன் குமிழைத் திருகித் திருகித்தானே உன் விண்வெளிச் சத்தமெல்லாம் வந்தது. "கேட்டா கையைத் தூக்கு" என்று முதல் முதலாக என்னை உட்காரவைத்தது நீதான். நான் கேட்காததற்கும் தூக்கினேன், நீ என் தலையில் குட்டினாய்.

நம் வேலை முறையை உன் மாப்பிள்ளையிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். உலகத்தில் எந்த பாண்டாவது தண்ணீர் மோட்டாருக்குச் சுருதி சேர்த்திருக்கிறதா? கட்டடத்துக்கு அடியில் மோட்டார் ரூம். மோட்டார் "ம்ம்ம்" என்று ஓட ஆரம்பித்தால்தான் நம் கிட்டார்காரன், அதான் ஒட்டகம், கம்பியைத் தொடுவான். தொட்டி நிறைந்து மோட்டார் நின்றால் பாட்டும் நிற்கும். தொட்டி காலியானால்தானே மறுபடி ஓடும்? அதற்குத்தான் நான் மேலே நம் வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிடுவேன். அம்மா வீட்டிலிருக்கும் குடம், வாளி, சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு என்னை முறைப்பாள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் எங்கேயோ ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூட்டி வந்து சுவரெல்லாம் தட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா? "வாயு மண்டலமா? யாருக்குடா வாயு?" என்று அப்பா கேட்டது?

முதல் பாட்டு பிரமாதம். கீச்சான் கொஞ்சம் தூக்கலாக இருக்கிற மாதிரி பட்டது. என் ஸ்பீக்கர் சின்னது, அதனாலும் இருக்கலாம்.

பெரிய பாட்டு எப்போது வரும்? "தொட்டி நிறையும் வரை"? என் கேசட் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அதன் கடைசியில் வருமே, அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். என்ன என்று எழுத மாட்டேன், உனக்கே தெரியும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குழாய்

•

பிப்ரவரி 20

அன்புள்ள குழாய்க்கு,

சுகம், சுகமறிய ஆவல். முழங்காலைக் காட்டினேன். உடம்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அவர் உடம்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

இதோ நீ கேட்ட பெரிய பாட்டு. இதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மோட்டார் அப்படியே இருக்கிறது, இன்றைக்கு ஓடுகிற மாதிரி. மூடிய கண்ணுக்குள் ஒட்டகம் வந்து நிற்கிறான். ஸ்லைடு விளக்குக்கு முன்னால் கண்ணாடித் தட்டில் எண்ணெயும் மையும் ஊற்றி ஆட்டி, சுவரெல்லாம் கலர் கலராக நெளியவிடுவானே, அந்த வாசனைகூட வந்தது. அவன் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருக்கலாம்.

ஆனால் நாடாவுக்கு வயதாகிவிட்டது. கடைசியில் கீச்சானை உச்சிக்கு ஏற்றி ஒரு விசில் விடுவேனே, நீ காத்திருப்பதாக எழுதிய அந்த விசில், அது நாடாவில் கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது. உனக்காகவே நாள் முழுக்க உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நிறுத்தினேன். இப்போது காதில் விழுகிறது. பல் டாக்டருக்குப் போட்டுக் காட்டினால், "டேய், காதைக் கிழிக்குதுடா" என்கிறான். நாள் பூரா டிரில்லோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும்? நன்றாகத் திட்டி அனுப்பினேன்.

மோட்டார் நின்ற பிறகு வெறும் நாடா கொஞ்ச நேரம் ஓடுகிறது. இரைச்சல்தான், ஒன்றுமில்லை. அதைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது மோட்டார் நின்றதும் பாட்டு டக்கென்று முடிகிறது, கச்சிதமாக.

ரெக்கார்ட் கம்பெனிப் பெண் வருஷக் கடைசிக்குள் தட்டை அச்சடிக்க வேண்டும் என்கிறாள். உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பேன்.

அண்ணன்

•

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பாட்டு கேட்டேன். நன்றாக இருக்கிறது. கடைசியில் வெட்டியதை, வெட்டுவதற்கு முன்னால் சரியாகக் கேட்டாயா?

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். அதனால்தான் பதில் தாமதம்.

தங்கை

•

ஏப்ரல் 15

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே சுகம். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? மாப்பிள்ளையோடு ஏதாவது சண்டையா? மாதக்கணக்கில் காத்திருந்தால் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி நாலு வரி எழுதியிருக்கிறாய். அதில் "குழாய்" என்றுகூடக் கையெழுத்துப் போடவில்லை. அட்டையில் அப்படிப் போடுவது பிடிக்கவில்லையென்றால் வாய்விட்டுச் சொல்லேன்.

வெட்டுவதற்கு முன்னால் திரும்பத் திரும்பக் கேட்டேன் அம்மா. ஒன்றுமே இல்லை. சத்தத்தின் அளவைக் காட்டுகிற மீட்டரில் முள் மட்டும் இரண்டொரு தடவை லேசாகத் துள்ளியது, நாடா பழசு, சுருக்கமாக இருக்கும். நான் இந்த விஷயத்தில் தப்பு பண்ணுவேனா?

மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அண்ணன்

பாப்பா, இது அண்ணி. தபாலில் போடக் கொடுத்தார், பிரித்து ஒரு தாள் சேர்க்கிறேன். அவரிடம் சொல்லாதே. இங்கே டிவி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் அவர் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்தி கேட்டுவிடுகிறார். காலிங் பெல் அடித்தால் இவர் அசைவதில்லை. குக்கர் விசிலை நான்தான் எண்ணுகிறேன். கேட்டால், "நீ வாய்க்குள்ள பேசுற" என்கிறார். இத்தனை வருஷம் இவரோடு கத்திக் குடும்பம் நடத்தினவள் நான், எனக்கு எங்கே வாய்க்குள்ளே பேசத் தெரியும்? எல்லாரிடமும் சண்டை. பல் டாக்டர் இப்போது வருவதில்லை. நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய், ஏதாவது வழி சொல். ஒரே ஒரு நல்ல விஷயம், அவர் வெட்டிப்போட்ட நாடாவைப் பால்கனியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றில் பளபளவென்று ஆடுகிறது, புறா ஒன்றுகூட வருவதில்லை.

•

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை உங்கள் தோழி வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன், அண்ணன் கண்ணில் பட வேண்டாம்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள் அண்ணி. படித்து முடிக்கக்கூட வேண்டாம். பால்கனிக்குப் போய் அந்த நாடாவை அவிழ்த்து, ஒரு இடம் கசங்காமல் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். புறாக்கள் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நாடாவில் நான் இருக்கிறேன்.

அன்று பாட்டு முடிந்து மோட்டார் நின்றதும், நான் வீட்டிலிருந்து ஓடிவந்து மோட்டார் ரூம் படிக்கட்டின் உச்சியில் நின்று, "அண்ணா, மறுபடியும் திறக்கட்டுமா?" என்று கீழே பார்த்துக் கூப்பிட்டேன். சின்னப் பெண், கீச்சுக் குரல். தூரத்திலிருந்து மெல்லியதாகத்தான் விழுந்திருக்கும். இரண்டு தடவை கூப்பிட்டேன். கீழே எல்லாரும் பாட்டு முடிந்த மயக்கத்தில் இருந்தார்கள், யாரும் பதில் சொல்லவில்லை. நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் போட்டுக் கேட்டபோது டிரம்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மறுபடியும் திறக்கட்டுமா?" என்று பாடிக் காட்டினார். "இதை அழிச்சிடலாமா?" என்று ஒட்டகம் கேட்டதற்கு அண்ணன், "தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அதற்குப் பிறகு எத்தனை குடம் தண்ணீர் வேண்டுமானாலும் பிடித்திருப்பேன். அந்த பாண்டில் என் குரல் இருக்கிற ஒரே இடம் அது.

அதை அவரே வெட்டிப் போட்டதாக எழுதினார். ஒன்றுமில்லை, இரைச்சல் என்று எழுதியிருந்தார். ஒரு மாதத்துக்கு மேல் பேனாவை எடுக்கவே பிடிக்கவில்லை. பிறகு எழுதினேன், அதையும் முகத்தில் அடித்த மாதிரி எழுதினேன்.

உங்கள் தாளைப் படித்த பிறகுதான் புத்தி வந்தது. சிடியை மறுபடியும் போட்டேன். விசில் அழிந்துவிட்டது, தூக்கி நிறுத்தினேன் என்றாரே, அது அழியவில்லை அண்ணி. காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி அலறுகிறது, எங்கள் வீட்டுப் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அழிந்தது நாடாவில் இல்லை. கண்ணாடி பாட்டில் சத்தம் வருஷக்கணக்கில் காதில் விழுந்தால் முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான். விசில், மணி, குருவி, சின்னப் பெண்ணின் குரல். கனத்த சத்தமெல்லாம் அப்படியே கேட்கும், அதனால் காது போனது தெரியவே தெரியாது. மற்றவர்கள் வாய்க்குள் பேசுகிறார்கள் என்றுதான் தோன்றும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என் முன்னால் உட்கார்ந்து இதையே சொல்கிறார்கள். என் அண்ணன் எழுத்தில் சொன்னபோது எனக்குக் கேட்கவில்லை, பாருங்கள்.

நேரே சொன்னால் தாங்க மாட்டார். வாழ்நாள் முழுக்க அவர் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அவர் காதுதான். சொல்லாமல் விட்டால் அந்தத் தட்டு அப்படியே ஊருக்குப் போய், வாங்கினவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதாவது செய்கிறேன். நாடாவில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பாப்பா

•

மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போன கடிதத்தை மறந்துவிடு, அன்றைக்கு எனக்குத் தலைவலி. அட்டையில் "குழாய்" என்றுதான் போட வேண்டும், கொட்டை எழுத்தில் போடு.

உனக்கு ஒரு சிடி அனுப்பியிருக்கிறேன். பழைய பெட்டியைக் குடைந்தபோது கீச்சானின் ஒலிப்பதிவு ஒன்று கிடைத்தது, நீ குமிழைக் கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு படியாகத் திருகிப் பார்த்தது. தட்டில் எங்காவது சேர்க்கலாமே. நல்ல ஹெட்போன் போட்டு, தனியாக உட்கார்ந்து கேள். எத்தனை படி கேட்கிறது, எங்கே மங்குகிறது என்று எனக்கு எழுதி அனுப்பு. என் ஸ்பீக்கரை நம்ப முடியவில்லை, உன் காதைத்தான் நம்புகிறேன்.

முழங்காலுக்கு நடைப்பயிற்சி ஆரம்பித்தாயா?

குழாய்

•

ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? சிடி வந்து சேர்ந்ததா? தபால் தொலைந்திருந்தால் வேறு அனுப்புகிறேன். போன் செய்தேன், அண்ணிதான் எடுத்தார். "கேட்டா தலையாட்டுறார், பேச மாட்டேங்கிறார்" என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. திட்டுவதானாலும் திட்டி எழுது.

குழாய்

•

ஜூலை 1

தங்கைக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

சிடி வந்த அன்றே கேட்டேன். பழைய பெட்டியில் கிடைத்ததா? கீச்சானைப் பிரித்துப் பூட்டினவன் நானடி. அதில் மூன்றாவது படியில் ஒரு கரகரப்பு வரும், என் சால்டரிங் சரியில்லாததால். உன் சிடியில் அந்தக் கரகரப்பு இல்லை. சுத்தமான ஆஸ்பத்திரிச் சத்தம். நாலாவது படிக்கே விளையாட்டு புரிந்துவிட்டது. எனக்கே டெஸ்ட் வைக்கிறாயா என்று ரத்தம் கொதித்தது. சரி, ஜெயித்துக் காட்டிவிட்டு உன்னைக் கிழிகிழியென்று கிழிக்கலாம் என்று முழுதும் கேட்டேன்.

கீழ்ப்படிகள் எல்லாம் கணீரென்று கேட்டன. யாரும் இல்லாத அறையில் முட்டாள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். சிடி முடிந்துவிட்டது என்று நினைத்து மீட்டரைப் பார்த்தேன்.

முள் ஆடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு படிக்கும் எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. சத்தமே இல்லை. ஹெட்போனைப் பிடுங்கிப் பார்த்தேன், ஒயரை ஆட்டிப் பார்த்தேன். மிஷின்மேல் ஒரு தப்பும் இல்லை. "இன்னும் ஆரம்பிக்கலையா" என்று கேட்டாரே உன் பெரியவர், அவர் மாதிரி நானும் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. உலகத்துக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

பல் டாக்டரிடம் போனேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, வாயைத் திற, பல்லாவது நல்லா இருக்கான்னு பார்ப்போம்" என்றான். அழுதுவிட்டேன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

ரெக்கார்ட் கம்பெனிப் பெண்ணிடம் நாடாக்களை எடுத்துப்போய் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லப்போகிறேன். காது செத்தவனுக்கு என்ன பாட்டு.

ஒன்று மட்டும் சொல். பெரிய பாட்டின் கடைசியில் நான் வெட்டிய இடத்திலும் முள் துள்ளியதே. சுருக்கம் என்று நினைத்தேன். அது சுருக்கம் இல்லை, இல்லையா? அந்த நாடாவை எங்கே போட்டேன் என்று கேட்டதற்கு உன் அண்ணி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். என்ன இருக்கிறது என்று கேட்டால், "உங்க தங்கச்சி சொல்லக்கூடாதுன்னிருக்கா" என்கிறாள். என்ன இருக்கிறது? எழுதி அனுப்பு.

அண்ணன்

•

ஜூலை 12

என் அன்பான அண்ணனுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னை ஏமாற்றப் பார்த்தது தப்புதான். உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரிலிருக்கிற எல்லாருக்கும் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறேன், உனக்கு என்று வந்தபோது பேனாவே நகரவில்லை.

ஆனால் காது செத்தவன் என்று இனி ஒரு தடவை எழுதினால் நேரே வந்து உன் தலையில் குட்டுவேன், பழைய பாக்கி. உன் காது சாகவில்லை. மேல்மாடியில் விளக்கு அணைந்திருக்கிறது, கீழ்மாடியில் எல்லாம் எரிகிறது. மோட்டார் உனக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படி எனக்குக் கேட்காது. சிடியில் அந்த "ம்ம்ம்" எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? மேஜை அதிர்கிறது, நெஞ்சுக்குள் வந்து உட்காருகிறது. அதை வேறு எவனும் அப்படிக் கொண்டுவர முடியாது. நாடாக்களை யாரிடமும் கொடுக்காதே. கீழே இருப்பதை நீ பார், மேலே இருப்பதை நான் பார்க்கிறேன். நீ மோட்டார் ரூமில், நான் மாடியில். முன்பும் நமக்கு அதுதானே வேலை?

உன் ஊரில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள், விலாசம் பின்பக்கம். போய் ஒழுங்காக டெஸ்ட் செய்து காது மெஷின் வாங்கிப் போட்டுக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன். போட்ட முதல் வாரம் பைத்தியம் பிடிக்கும், கழற்றிப் போடத் தோன்றும். கழற்றாதே.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ படிப்பாய். எனக்கு நீ கேட்க வேண்டும்.

குழாய்

•

செப்டம்பர் 25

அன்புள்ள குழாய்க்கு,

நாங்கள் இருவரும் சுகம். சுகம் மட்டுமில்லை, ஒரே சத்தம். காது மெஷின் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நீ சொன்ன மாதிரி முதல் நாள் கழற்றி வீசப் போனேன். செய்தித்தாளைப் பிரித்தால் தகரக் கூரை சரிகிற மாதிரி இருக்கிறது. என் செருப்பு என்னைத் துரத்துகிறது. உன் அண்ணி சமையலறையில் தனக்குத்தானே என்னைத் திட்டிக்கொள்கிறாள், இத்தனை வருஷமாக இதை நடத்தியிருக்கிறாள்! "நல்லா கேக்குது" என்றேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஜன்னலில் குருவிகள் திரும்பி வந்திருக்கின்றன. அவை எங்கேயும் போகவில்லையாம்.

எல்லாம் முழுதாகத் திரும்பவில்லை. பாதிதான், அதுவும் கொஞ்சம் தகர ருசியோடு. உன் தோழி இவ்வளவுதான் வரும் என்று சொல்லிவிட்டாள். போதும் என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நான் உனக்கு அனுப்பிய பெரிய பாட்டைப் போட்டுக் கேட்டேன். அட கடவுளே, அந்த விசில்! இதைக் கேட்டுவிட்டு எப்படியடி "நன்றாக இருக்கிறது" என்று எழுதினாய்? உன் பூனை கட்டிலுக்கு அடியில் ஓடியதாக அண்ணி சொன்னாள், அதனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். குமிழைத் திருகி இறக்கிவிட்டேன். இன்னும் எவ்வளவு இறக்க வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும், மாடி உன்னுடையது. பல் டாக்டரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், போதும் போதும் என்று கையாட்டிக்கொண்டே.

பிறகு டப்பாவைத் திறந்தேன். வெயிலில் காய்ந்து முறுகியிருந்தது. ஓரிடத்தில் புறா தன் கருத்தைத் தெரிவித்திருந்தது. மெத்தென்ற துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன், உன் அண்ணி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வெட்டிய இடத்திலேயே ஒட்டினேன். ஓடவிட்டேன்.

மோட்டார் நின்றது. இரைச்சல் வந்தது. முள் துள்ளியது.

முதல் தடவை எனக்குப் பிடிபடவில்லை, யாரோ ஒரு குழந்தை என்று மட்டும் தெரிந்தது. பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தான். இரண்டாவது தடவை கேட்டது. படிக்கட்டின் உச்சியில், தூரத்தில், மூச்சு வாங்க ஓடிவந்து நிற்கிற குரல். நனைந்த பாவாடையோடு நீ அங்கே நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. இதை இரைச்சல் என்று எழுதினேனே, பாவி நான். அந்த ஒன்றரை மாதம் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று இப்போதுதான் புரிகிறது. உன் அண்ணிதான் எல்லாவற்றையும் சொன்னாள். அன்று தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொன்னவன், அதையே மறந்து தன் கையாலேயே வெட்டியிருக்கிறான்.

ரெக்கார்ட் கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். அவள் வாய்க்குள் பேசுகிற பெண் இல்லை, தெளிவாகத்தான் பேசுகிறாள். "சார், இதோடதான் தட்டு முடியணும்" என்றாள். அட்டையில் கடைசி வரி இப்படி வருகிறது: "குழாய், குரல்: தங்கை."

அந்த நாடாவை எத்தனை தடவை ஓட்டினாலும் உன் கேள்விக்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கீழே மூன்று தடிமாடுகள் உட்கார்ந்திருந்தோம், ஒருவனுக்காவது வாய் திறந்ததா? நீ எவ்வளவு நேரம் அங்கே நின்றாயோ தெரியாது. இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கேட்டுவிட்டது, பதில் எழுதுகிறேன்.

திறம்மா.

அண்ணன்